பழைய டிவி ஒயர்கள்: கட்டி வைப்பதா, கழற்றுவதா, மூடி மறைப்பதா, வேறு வேலைக்கு வைப்பதா?

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் இந்தக் கேள்வி எழும். பெயின்டர் ஏணியைச் சாத்திவிட்டு, மூலையில் தொங்கும் கறுப்பு ஒயரைக் கையில் பிடித்தபடி "இது வேணுமா, வெட்டிரவா?" என்று கேட்பார். வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது. "இருக்கட்டும், விட்டுருங்க" என்று அம்மா சொல்வார். பெயின்ட் அந்த ஒயரின் மேலேயே ஏறும். அடுத்த பத்து வருஷத்துக்கு அது சுவரின் நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வாசகர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். ஒருவர் வீட்டில் கேபிளை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது; ஒயர் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சோபாவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. இன்னொருவர் வீட்டு மொட்டை மாடியில் மூன்று டிஷ், ஒன்றுகூட வேலை செய்யவில்லை. வாடகை வீட்டுக்குக் குடிபோன ஒருவருக்கு, ஹாலில் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு ஒயரில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியவில்லை.

நான் இதை எங்கள் தூத்துக்குடி வீட்டில் கற்றுக்கொண்டேன். எண்பதுகளில் கட்டிய வீடு அது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து ஆன்டெனாவெல்லாம் தென்கிழக்கே பார்த்து நிற்கும். 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி கடலைத் தாண்டி இங்கே கிடைக்கும் என்பதால், ஜிஐ பைப்பில் இன்னும் ஒரு பைப்பைச் செருகி உயரம் ஏற்றி, சிக்னலைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் மாட்டி வைத்திருந்தார் அப்பா. அதற்குப் பிறகு கேபிள் வந்தது, பிறகு டிஷ், பிறகு இணையத்துக்காகக் கண்ணாடி இழை ஒயர். ஒவ்வொன்றும் புதிதாக வந்ததே ஒழிய, பழையதை எடுத்துக்கொண்டு போக யாரும் வரவில்லை. ஒரு நாள் டிவி ஸ்டாண்டை நகர்த்தியபோது பின்னால் பிளக்கில் ஒரு சிறிய கறுப்பு டப்பா, சிவப்பு விளக்கு எரிய, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பூஸ்டருக்கான அடாப்டர்! மேலே ஆன்டெனா காற்றில் சாய்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அது வெறும் 3 வாட் இழுத்திருந்தால்கூட வருஷத்துக்கு 26 யூனிட். அன்றைக்குத்தான் வீட்டிலுள்ள எல்லா ஒயரையும் தலை முதல் வால் வரை தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எது என்ன ஒயர்?

இது தெரியாமல் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இருப்பவை நான்கு வகை.

தட்டையாக, ரிப்பன் போல, இரண்டு ஓரங்களிலும் கம்பி ஓடும் ஒயர் பழைய ஆன்டெனாவுக்கானது. உருண்டையான கறுப்பு அல்லது வெள்ளை ஒயர், நடுவில் ஒற்றைக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் அலுமினியத் தாளும் வலையும் என்று இருந்தால் அது கேபிள் டிவிக்கோ டிஷ்ஷுக்கோ ஆனது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஆர்ஜி-6 என்ற ஒரே ஒயர்தான், மேல்தோலில் அச்சடித்திருக்கும். மேலே டிஷ்ஷுக்குப் போகிறதா, தெருக் கம்பத்துக்குப் போகிறதா என்று பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நான்காவது, மெல்லிய இணைய ஒயர். உள்ளே முடி போன்ற கண்ணாடி இழை. டிவி ஒயர் என்று நினைத்து இதை வெட்டிவிட்டு, மறுநாள் இணைப்புக்காரரைக் கெஞ்சிக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. பெயின்ட் வேலை நடக்கும்போது இந்த ஒயரில் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவைத்துவிடுங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது?

நான் நான்கைப் பார்க்கிறேன். நான்கும் சம எடை உள்ளவை அல்ல.

முதலாவது, ஒயர் போகும் வழி. சுவருக்குள் பதித்த பைப்பில் போகிறதா, சுவரின்மேல் கிளிப் அடித்துப் போகிறதா? மற்ற மூன்றையும் விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். கிளிப் அடித்த ஒயரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் புதிதாக அடிக்கலாம். பைப்புக்குள் இருக்கும் ஒயரோ, அந்தப் பைப்புக்கு இருக்கும் ஒரே சாவி. அதை உருவிவிட்டால், வளைவுகள் உள்ள பைப்பில் வேறு ஒயரை நுழைப்பதற்குள் உயிர் போய்விடும்.

இரண்டாவது, ஆபத்து. மழை, மின்னல், மின்சாரம் மூன்றும் இதில் அடக்கம். தெருவிலிருந்து வரும் கேபிள் ஒயர் பல இடங்களில் மின்கம்பம் வழியாகவே வருகிறது. வெளி வலையில் கசிவு இருந்தால், வீட்டுக்குள் வெறுமனே கிடக்கும் முனையைத் தொட்டாலும் சுருக்கென்று இழுக்கும். எந்த ஒயரையும் தொடும் முன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், நடுக்கம்பியிலும் வலையிலும்.

மூன்றாவது, யாருடைய சொத்து? கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ் பெரும்பாலும் உங்களுடையது அல்ல. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017இலிருந்து இலவசமாகக் கொடுத்த பாக்ஸும், இணைப்பை நிறுத்தினால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஒயரோடு சேர்த்துப் பாக்ஸையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டால் பிறகு பதில் சொல்ல வேண்டிவரும். கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரைக்குமான ஒயர் கேபிள்காரருடையது. உங்கள் வீட்டைத் தொட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் ஒயரும் அவருடையதுதான்.

நான்காவது, மறுபடி தேவைப்பட்டால் என்ன ஆகும்? "இனிமேல் எல்லாமே மொபைலில்தான்" என்று சொன்ன வீட்டுக்கு, ஆறு மாதத்தில் பாட்டி வந்து தங்குவார். அவருக்குச் சீரியல் வேண்டும்.

1. கட்டி வைப்பது

ஒயரை வெட்டாமல், நல்ல வளையமாகச் சுற்றி, பெயர் எழுதி, கண்ணில் படாத இடத்தில் வைப்பது. வாடகைக்கு இருப்பவருக்கு இதைத் தவிர வேறு வழி கிடையாது. வீட்டுக்காரரைக் கேட்காமல் வெட்டிய ஒயர், காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் கழிக்கப்படும்.

சொந்த வீட்டிலும் இது பொருந்தும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை பிளஸ் டூ படிக்கிறது என்று ஒரு வருஷம் கேபிளை நிறுத்திவைக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. டிஷ்ஷை கிரிக்கெட் சமயத்துக்கு மட்டும் ரீசார்ஜ் செய்யும் வீடுகளும் உண்டு. அங்கே ஒயர் ஓய்வில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படிக் கட்டுவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆர்ஜி-6 ஒயரைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அகலமான வளையமாகச் சுற்றுங்கள். உள்ளங்கையில் சுற்றி இறுக்கி மடித்தால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கும். நடுக்கம்பி ஒரு பக்கமாக ஒதுங்கும். பிறகு இணைக்கும்போது சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடையும். பிளாஸ்டிக் டேக்கை இறுக்கினாலும் இதே கதைதான். விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள். முனையில் இணைப்புப் பின் இருந்தால் அதன்மேல் ஒரு மூடி, மூடி இல்லையென்றால் இன்சுலேஷன் டேப். காகிதம் ஒட்டி எழுதினால் ஒரு கோடையில் உதிர்ந்துவிடும். வெள்ளை இன்சுலேஷன் டேப்பில் நிரந்தர மார்க்கரால் "மாடி டிஷ், கிழக்கு ரூம்" என்று எழுதி இரண்டு முனையிலும் ஒட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இதில்தான் அதிகம். பூஸ்டர் அடாப்டரைப் பற்றிச் சொன்னேன். அதைப் போலவே ஸ்பிளிட்டர். இரண்டு அறைக்குப் பிரித்த கேபிளில் ஓர் அறை டிவியைத் தூக்கிவிட்டால், அந்தக் கிளை சும்மாதானே கிடக்கிறது என்று விட்டுவிடுகிறோம். ஸ்பிளிட்டர் சிக்னலைப் பாதியாகப் பிரித்துக்கொண்டேதான் இருக்கும். திறந்து கிடக்கும் முனையிலிருந்து சிக்னல் திரும்பி வந்து மற்ற டிவியையும் கெடுக்கும். ஸ்பிளிட்டரையே எடுத்துவிட்டு, இருக்கும் ஒரு டிவிக்கு நேராக இணைத்துப் பாருங்கள். படம் தெளிவதை அன்றைக்கே பார்க்கலாம். ஸ்பிளிட்டர் வேண்டும் என்றால், காலி முனையில் 75 ஓம் டெர்மினேட்டர் என்ற சிறு மூடியை மாட்டுங்கள். விலை மிகக் குறைவு.

கட்டி வைப்பதற்கு ஒரு கெடு வையுங்கள் என்பேன். இரண்டு வருஷம் தொடாத ஒயர் கீழே சொல்லும் மூன்றில் ஒன்றுக்குப் போக வேண்டியதுதான்.

2. முழுக்கக் கழற்றுவது

மொட்டை மாடியிலும் வெளிச்சுவரிலும் இருப்பவற்றுக்கு என் முதல் பரிந்துரை இதுவே, தயக்கமே இல்லை. பழைய ஆன்டெனாவை வைத்துக்கொள்ள இன்றைக்குக் காரணம் இல்லை: தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு 2022க்குள் பெரும்பாலான இடங்களில் நின்றுவிட்டது. (இலங்கையில் இருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகலாம், அங்கே ஆன்டெனா வைத்துப் பார்க்கும் வீடுகள் இன்னும் உண்டு. சிங்கப்பூரில் 2019இல் அனலாக் நின்றாலும் அங்குள்ள தமிழ்ச் சேனலான வசந்தம் ஆன்டெனாவிலேயே டிஜிட்டலில் வருகிறது. அங்கே பழைய ஒயரை வெட்டுவது நஷ்டம்.)

மாடியில் உயரமாக நிற்கும் இரும்புப் பைப்பும், அதிலிருந்து நேராக வீட்டுக்குள் இறங்கும் உலோகக் கம்பியும் மின்னலுக்கு நாமே போட்டுக் கொடுக்கும் பாதை. துருப்பிடித்த கிளாம்பில் நிற்கும் பைப் எப்போது சாயும் என்று தெரியாது. பக்கத்தில் மின்கம்பி போகிறது என்றால், அந்தப் பைப்பை நீங்களே இறக்கப் போகாதீர்கள். பைப் சாய்ந்து கம்பியைத் தொட்டால் பிடித்திருப்பவர் பிழைப்பது கடினம். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்தச் செய்து, பழக்கமான ஆளை வைத்துத்தான் இறக்க வேண்டும். மின்கம்பி இல்லாத இடத்திலும் இரண்டு பேர் வேண்டும், உச்சியில் கயிறு கட்ட வேண்டும். காற்றடிக்கும் ஆடி மாதத்தில் வேண்டாம்.

செலவில் ஆள் கூலி ஒரு பகுதிதான். டிஷ்ஷைத் தளத்திலோ கைப்பிடிச் சுவரிலோ நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். டிஷ்ஷை எடுத்தபின் அந்த நான்கு ஓட்டையும் மழைத் தண்ணீருக்கு வாசல். போல்ட்டை வெட்டிவிட்டு அடிப்பாகத்தை உள்ளேயே விட்டால், அது துருவேறிப் பருத்துச் சுற்றியுள்ள காரையைப் பிளக்கும். முழுதாக எடுத்து, ஓட்டையைச் சுத்தம் செய்து, கசிவு தடுக்கும் கலவை சேர்த்த சிமென்டால் அடைத்து, மேலே ஒரு பூச்சு கொடுங்கள். கிளிப் ஆணிகளும் அப்படித்தான். ஓர் அடிக்கு ஒன்று என்று அடித்திருந்தால், முப்பதடிச் சுவரில் முப்பது ஓட்டை. பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். அதனால்தான் வெள்ளையடிக்கும் முன்பு செய்யச் சொல்கிறேன். தனியாகச் செய்தால் சுவர் அம்மைத் தழும்பு போட்டது மாதிரி ஆகிவிடும்.

டிஷ் ஒயரை வெட்டும் முன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மேலே டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் இந்த ஒயர் வழியாகவே போகிறது. ஷாக் அடிக்கும் அளவு இல்லை. ஆனால் கத்தரிக்கோல் நடுக்கம்பியையும் வலையையும் ஒன்றாகத் தொட்டால் பாக்ஸ் கெட்டுப்போகலாம்.

கழற்றியதை விற்றால் என்ன கிடைக்கும்? நான் ஒரு சாக்கு நிறையக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு துண்டின் தோலைப் பல்லால் கடித்து இழுத்தார். உள்ளே செம்பு நிறத்தில் கம்பி பளபளத்தது. மேஜை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அருகில் கொண்டுபோனார். கம்பி டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இரும்பு தம்பி. மேல மட்டும் செம்பு முலாம்." நம் ஊரில் ஓடும் ஆர்ஜி-6 பெரும்பாலும் இப்படித்தான். வலையோ அலுமினியம். அந்தச் சாக்குக்குக் கிடைத்தது பஸ் காசுக்குக்கூடக் காணாது. கூடக் கொண்டுபோன ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்களுக்கும் ஜிஐ பைப்புக்கும்தான் மதிப்பு இருந்தது. தட்டை ஒயரில் பெரும்பாலும் உண்மையான செம்பு இருக்கும், ஆனால் எடை போட்டால் கொஞ்சம்தான்.

செம்பு எடுக்கிறேன் என்று ஒயரைக் கொளுத்த மட்டும் வேண்டாம். பிவிசி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் உண்டு. மாடியில் கொளுத்தினால் முதலில் மூச்சு முட்டுவது பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான். பாக்ஸ், அடாப்டர், ரிமோட் இவற்றை மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட வேண்டாம்.

3. வெளியே வெட்டி, உள்ளே மூடுவது

பைப்புக்குள் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் நீளத்தை மட்டும் வெட்டி, சுவரிலுள்ள டிவி பாயின்ட் பெட்டியை வெற்றுத் தகடு போட்டு மூடுவது. அபார்ட்மென்டுகளுக்கும், சுவருக்குள் பதித்த (கன்சீல்டு) பைப் போட்டுக் கட்டிய வீடுகளுக்கும் இதுவே சரி. அரை மணி நேர வேலை. சுவர் சுத்தமாகிவிடும்.

இதில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சுவரோடு ஒட்ட வெட்டிவிடுவது ஒன்று. ஒயர் உள்ளே நழுவிப்போனால் பிறகு பிடித்து இழுக்க முனை இருக்காது. ஓர் அடியாவது மிச்சம் விட்டுச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். அடுத்தது, தகடு போடாமல் பெட்டியையே சிமென்ட் பூசி மறைத்துவிடுவது. ஐந்து வருஷம் கழித்து ஏசி மாட்டுகிறவர் அங்கே ட்ரில் போடுவார். தகடு இருக்கும் சுவரைப் பார்த்தாலே உள்ளே பைப் ஓடுகிறது என்று அவருக்குப் புரியும்.

மூன்றாவதுதான் பெரிய சேதத்தில் முடிவது. கீழ்முனையை அழகாக மூடிவிட்டு, மாடி முனையை மறந்துவிடுவார்கள். டிஷ் போன பிறகு மாடியில் அந்தப் பைப்பின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும். குளவி மண்கூடு கட்டும், எலி இறங்கும். மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே கீழே வரும். எங்கள் வீட்டில் கிழக்கு அறையில் ஒரு சுவர் இரண்டு மழைக்காலம் ஓதம் பிடித்தது. தளத்தில்தான் விரிசல் என்று நினைத்துப் பூசினோம், நிற்கவில்லை. கடைசியில் டிவி பாயின்ட் தகட்டைக் கழற்றியபோது பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி, ஒயரின் அலுமினிய வலை வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டி சுவிட்ச் போர்டு. இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு விரல் அகலக் காரை.

மேல்வாயில் கீழ்நோக்கி வளைந்த பைப் துண்டு (பெண்டு) ஒன்றை மாட்டிவிடுங்கள், அல்லது மூடி போட்டு சீலன்ட் வையுங்கள். சுவரைத் துளைத்து வரும் ஓட்டை என்றால் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரிந்திருக்க வேண்டும். ஒயர் உள்ளே நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

4. வேறு வேலைக்கு வைப்பது

இதில்தான் நான் தவறு செய்தேன். ஆர்வக் கோளாறில், ஹாலிலிருந்து மாடி அறைக்குப் போன பைப்பிலிருந்து பழைய கேபிளை முழுதாக உருவிப் போட்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. மூன்று மாதத்தில் மாடியறைக்கு இணைய ஒயர் தேவைப்பட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்தார், இரண்டாவது பெண்டைத் தாண்டவில்லை. "உருவும்போது ஒரு நூல் கட்டி விட்டிருக்கக் கூடாதா?" என்றார். கடைசியில் ஒயர் மாடிப்படிச் சுவரின்மேல் கேசிங் பட்டியில் போனது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது; வரும்போதும் போகும்போதும் கண்ணில் படுகிறது.

ஆகவே பைப்புக்குள் இருக்கும் பழைய ஒயருக்கு இருக்கும் மிகச் சிறந்த உபயோகம், அடுத்த ஒயரை இழுத்துக்கொடுப்பது. ஆர்ஜி-6 சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன். லேன் ஒயரான கேட்-6 சுமார் 6. ஒன்று போன வழியில் மற்றது போகும். பழைய ஒயரின் முனையில் தோலையும் நுரையையும் ஒரு சாண் நீளத்துக்குச் சீவி, நடுக்கம்பியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஒயரின் உள்கம்பிகளை அதில் முறுக்கிக் கட்டி, முனை ஊசி போலக் கூராகும்படி இன்சுலேஷன் டேப்பை வழுவழுப்பாகச் சுற்றுங்கள். முடிச்சு தடிமனாக இருந்தால் பெண்டில் சிக்கும். கூடவே ஒரு நைலான் கயிறையும் கட்டுங்கள். அது அடுத்த முறைக்கு. ஒருவர் ஒரு முனையில் முகப்பவுடர் தூவித் தள்ள, மற்றவர் மறுமுனையில் நிதானமாக இழுக்க வேண்டும். நின்றால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி இழுங்கள். கண்ணாடி இழை ஒயர் என்றால் இணைப்புக்காரர் முனை மாட்டும் முன்பே இழுத்துவிட வேண்டும். அதைக் கூர்மையாக மடிக்கவே கூடாது.

புதிதாக இழுப்பதற்கு எதுவும் இல்லையா? நைலான் கயிற்றை மட்டுமாவது கட்டி இழுத்து, இரண்டு முனையிலும் ஓர் அடி விட்டு மூடுங்கள். அந்தக் கயிற்றின் விலையைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பைப் காலியாக இருக்கிறதே என்று அதே பைப்பில் இணைய ஒயரோடு மின்சார ஒயரையும் சேர்த்து விடச் சொல்வார்கள். 230 வோல்ட்டும் தகவல் ஒயரும் ஒரே பைப்பில் போகவே கூடாது. கேபிள் டிவி ஒயரிலேயே கரென்ட் எடுத்து மாடியில் பல்பு போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது அந்த வேலைக்கான ஒயர் அல்ல, தீப்பிடிக்கும்.

டிஷ் நல்ல நிலையில் இருந்தால், தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாற்றலாம். மாதக் கட்டணம் கிடையாது, பாக்ஸ் ஒருமுறை வாங்க வேண்டும், டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்த்துத் திருப்ப வேண்டும். டிடி தமிழ் வரும். நாம் அன்றாடம் பார்க்கும் தனியார் தமிழ்ச் சேனல்களில் பெரும்பாலானவை வராது. செய்திக்கும் பழைய படத்துக்கும் போதும் என்கிற பெரியவர்களுக்கு நல்ல ஏற்பாடு. பாட்டிக்குச் சீரியல் வேண்டுமென்றால் பயன்படாது.

பழைய கேபிள் ஒயர் வழியாகவே இணையத்தை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோகும் மோகா அடாப்டர்களும் உண்டு. இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று வேண்டும், நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. டிஷ் ஓடும் ஒயரில் போட்டால் இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும். பைப்பும் இல்லை, சுவரை உடைக்கவும் முடியாது என்கிற வீட்டுக்கு மட்டும் யோசிக்கலாம்.

துணிக்கொடி? கிராமத்திலும் நகரத்திலும் பழைய கேபிள்தான் மாடியில் கொடி. உறுதியானதுதான், மறுக்கவில்லை. இரண்டு முனையும் எதோடும் இணையாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெயிலில் மேல்தோல் இரண்டு மூன்று வருஷத்தில் வெடிக்கும். பிறகு வெள்ளை வேட்டியில் கறுப்புக் கோடும் துருக் கறையும் விழும். அவரைப் பந்தலுக்கும் பாகற்கொடிக்கும் கட்டினால் அந்தக் கவலை இல்லை. எங்கள் வீட்டில் மிஞ்சியதெல்லாம் பந்தலுக்குத்தான் போனது.

எந்த ஒயருக்கு எது?

| ஒயர் | வெளியே, மாடியில் | சுவர்மேல் கிளிப்பில் | பைப்புக்குள் |
|---|---|---|---|
| ஆன்டெனா தட்டை ஒயர் | கழற்றவும் | கழற்றவும் | முனையில் கயிறு கட்டி உருவவும் |
| கேபிள் டிவி ஒயர் | கேபிள்காரரிடம் சொல்லி எடுக்கச் செய்யவும் | வெள்ளையடிக்கும் முன் கழற்றவும் | வெட்டி மூடவும், அல்லது புதியதை இழுக்கவும் |
| டிஷ் ஒயர் | இரண்டு வருஷம் தொடாவிட்டால் டிஷ்ஷோடு கழற்றவும் | ஓய்வில் இருந்தால் கட்டி வைக்கவும் | மேல்வாயை அடைத்து, வெட்டி மூடவும் |
| கண்ணாடி இழை ஒயர் | தொட வேண்டாம் | தொட வேண்டாம் | தொட வேண்டாம் |

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொது டக்ட்டில் இறங்கும் ஒயர்க் கற்றையில் உங்களுடையது எது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் வெட்டாதீர்கள். சங்கத்தில் பேசி, ஒரே நாளில் எல்லா வீட்டு ஒயரையும் அடையாளம் கண்டு, செத்த ஒயர்களை மொத்தமாக இறக்குவது நல்லது. ஒருவர் மட்டும் செய்தால், மேல்வீட்டில் மேட்ச் பாதியில் நிற்கும்.

வேலையைத் தொடங்கும் நாளில் மாடியிலிருந்து கீழே வாருங்கள், கீழேயிருந்து மேலே போகாதீர்கள். மேலே ஒருவர் ஒயரை மெதுவாக அசைக்க, கீழே எந்த முனை ஆடுகிறது என்று பார்த்து டேப் ஒட்டினால், ஒரு மணி நேரத்தில் வீட்டின் முழு வரைபடமும் கையில் இருக்கும். மூடும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்தபடி போட்டோ எடுத்துவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் மாடி ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். அடைத்த சிமென்ட் இறுக ஒரு வாரமாவது மழையில்லாமல் இருக்க வேண்டும்.